அன்னாசித் திங்கள்

திங்கட்கிழமை என்றால் காலை பத்தேகாலுக்கு அன்னாசி.

ஸ்காபரோவின் வடக்கு ஓரம், மில்லிக்கன் பக்கம், விமானத்தில் சாப்பாட்டோடு கொடுக்கிற கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, உப்புப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு துடைதாளோடு சேர்த்து உறையில் போட்டு ஒட்டுகிற கொம்பனி அது. வாசலில் அதற்கு நீட்டி முழக்கிய ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. யாருக்கு வேண்டும் அந்தப் பெயர்? அங்கே லைனில் நின்ற பதினாலு பெண்களும் எங்கள் ஆட்கள். அவர்களுக்கு அது கரண்டிக் கொம்பனி, அவ்வளவுதான்.

சுப்பவைசர் சச்சிதானந்தனும் எங்கள் ஆள்தான். திங்கள் தேநீர் நேரம் மணி அடித்ததும், பையிலிருந்து ஒரு முழு அன்னாசியை எடுத்துச் சாப்பாட்டறை மேசையில் வைப்பார். தோலைச் சீவி, கண் கண்ணாகத் தோண்டி, எண்ணிப் பதினாலு துண்டு வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருத்தி முன்னாலும் வந்து நிற்பார். எடுக்கும்வரை நகரமாட்டார். எடுத்து வாயில் போடும்வரை கண்ணை எடுக்கமாட்டார்.

என்ன தங்கமான மனுசன் என்று பெண்கள் உருகிப் போனார்கள். லைனில் மூத்தவளான தவமணி அக்கா, ஐம்பத்தெட்டு வயது, புருசன் போய் ஒன்பது வருசம், "செத்துப்போன மனுசன் முப்பது வருசத்தில எனக்கு ஒரு வாழைப்பழம் உரிச்சுத் தரேல்லை" என்று சொல்லிச் சொல்லி அன்னாசி தின்றாள்.

தங்கமான மனுசனாம். நாசமாய்ப் போச்சு.

அந்தத் தங்கத்தை முதலில் உரசிப் பார்த்தவள் யோகராணி. தானாக ஒன்றும் உரசவில்லை, விதி உரச வைத்தது. தொண்ணூற்றி நாலாம் ஆண்டு மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று டொக்டர் சொன்னார். கலியாணம் கட்டி ஆறு வருசம். யோகராணியும் புருசன் குலசிங்கமும் மோர்னிங்சைட் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல், சிரிப்பை அடக்க ஏலாமல், ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எதிரே இருந்த கிழவி இருவருக்கும் சண்டையாக்கும் என்று நினைத்திருப்பாள்.

ஒருவருக்கும் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று. இரண்டு வருசத்துக்கு முன்னர் ஒரு தடவை தங்கியது. அப்போது யோகராணி சந்தோசத்தில் தலைகால் தெரியாமல் ஊருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாள், கோயிலில் சொன்னாள், அப்பார்ட்மெண்ட் லிஃப்ரில் ஏறியவர் இறங்கியவர் எல்லோருக்கும் சொன்னாள். மூன்றாம் மாதம் கலைந்துபோனது. ஊர்க்கண் பட்டுவிட்டது என்றாள் தாய். டொக்டர் வேறு ஏதோ சொன்னார். யோகராணி தாயைத்தான் நம்பினாள். இந்த முறை வயிறு தானாகச் சொல்லும்வரை வாய் சொல்லாது என்று நேர்த்தி வைக்காத குறை.

அடுத்த திங்கள் அன்னாசித் தட்டு முன்னால் வந்து நின்றது.

எங்கள் ஆட்களில் எந்தப் பெண்ணும் முழுகாமல் இருக்கும்போது அன்னாசியும் பப்பாப்பழமும் தொடமாட்டாள். டொக்டர்மார் ஆயிரம் சொல்லட்டும், தொடமாட்டாள். யோகராணி தட்டைப் பார்த்தாள். தட்டுக்கு மேலே இருந்த சச்சிதானந்தனின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் அன்பும் இல்லை, வைற்றமினும் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. புஸ்பராணி பல்லுக் கூசுகிறது என்று பெப்ரவரியில் ஒரு திங்கள் அன்னாசி வேண்டாம் என்றாள். இரண்டு கிழமையில் வேலை குறைவு என்று லே ஓஃப் வந்தது. அதே கிழமை மற்றவர்களுக்கு ஓவர்டைம். மார்ச்சில் ஒருத்தி, ஏப்ரலில் இன்னொருத்தி, எல்லோரும் தட்டுக்கு வேண்டாம் சொன்னவர்கள். பிறகு பார்த்தால் மூன்று பேருக்கும் வயிறு.

முதலாளி வால்டர் வெள்ளைக்காரன். ஏழு பிறவி எடுத்தாலும் அவனுக்கு அன்னாசிக் கணக்கு விளங்காது. எங்கள் வீட்டுக் குசினிக்குள் தாய்மார் காதோடு காதாகச் சொல்கிற விசயத்தைக் கொண்டுபோய் முதலாளிக்குத் தராசாகக் கொடுத்திருந்தார் சச்சிதானந்தன். அது வால்டரின் உத்தரவுகூட இல்லை. ஆர் லீவில் போகப் போகினம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றுதான் அவன் சொன்னான். பழத்தைக் கண்டுபிடித்தது மனுசனின் சொந்த மூளை. அந்த மூளையை நல்லதுக்குப் பாவித்திருந்தால் எங்கேயோ போயிருக்கலாம்.

யோகராணி அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டாள். கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, கன்னம் புடைக்க, சாற்றை விழுங்காமல் கழிவறைக்கு ஓடித் துப்பி, எட்டுத் தரம் கொப்பளித்தாள். அவளுக்கு இந்த வேலை போகக் கூடாது. இன்னும் ஒன்பது கிழமை வேலை செய்தால்தான் பிள்ளைப்பேற்றுக் காலத்துக்கு அரசாங்கத்தின் உதவி கிடைக்கும். குலசிங்கத்துக்கு ரெஸ்ரோறண்டில் கிழமைக்கு இரண்டு நாள் வேலைதான். வேலையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும், வாயும் திறக்கக் கூடாது. ஒன்பது கிழமையில் ஒன்பது திங்கள் வருகிறதே, அதுதான் சனி.

இரண்டாம் திங்கள் துண்டை வாயில் போடுவதுபோலக் காட்டி ஏப்ரன் பொக்கற்றுக்குள் நழுவ விட்டாள். சாறு ஊறித் துணி நனைந்தது. சாமான் ஏற்றுகிற கதவால் இரண்டு குளவிகள் உள்ளே வந்தன. பதினாலு பெண்களையும் விட்டுவிட்டு அவளையே சுற்றின. கரண்டி ஒரு கையிலும் கத்தி ஒரு கையிலுமாக அவள் லைனைச் சுற்றி இரண்டு முறை ஓடியதைப் பார்த்து மரியரட்ணம் சிரித்த சிரிப்பில் முப்பது உறைகள் உப்பு இல்லாமல் போயின. அந்த முப்பதையும் வாங்கிய பயணிகள் எந்தத் தேசத்துக்கு மேலே பறந்துகொண்டு திட்டினார்களோ தெரியாது.

மூன்றாம் திங்களிலிருந்து புத்தியாக நடந்தாள். துண்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வெறும் வாயை மென்று காட்டுவாள். சச்சிதானந்தன் அடுத்த ஆளிடம் திரும்புகிற கணத்தில், தன் துண்டைப் பக்கத்தில் இருந்த தவமணி அக்காவின் தட்டில் வைத்துவிடுவாள். அக்கா ஒன்றும் கேட்காமல் தின்றாள். மூன்று கிழமை தின்றாள். நாலாம் கிழமை, கழிவறைக்குள் யோகராணியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, உன்ர பங்கையும் நான் தின்னுறன். எனக்கு வாயெல்லாம் புண்ணாப் போச்சு. எத்தினை மாதம்?"

யோகராணி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். தவமணி அக்கா கையை நீட்டி அவள் வாயைப் பொத்தி, தானே இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, "நான் ஒண்டும் பாக்கேல்லை. என்ர கண் படாது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரு பிளாசாவில், சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சட்ட உதவி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே மதுரா என்று ஒரு பிள்ளை. ஏழு வயதில் கனடாவுக்கு வந்தது, சட்டம் படிக்கிறது, ஒரு வசனத்தைத் தமிழில் தொடங்கி இங்கிலிஷில் முடிக்கிறது. அன்னாசிக் கதை கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு கடுமையாகக் கதைத்தாள். பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்பதற்காக ஒருத்தியை வேலையால் நிற்பாட்டுவது இந்த நாட்டில் சட்டவிரோதம். அது அவர்கள் தருகிற தயவு இல்லை, யோகராணியின் உரிமை. ஆனால் ஒன்று, கொம்பனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். தெரியாது, வேலை குறைந்ததால்தான் நிற்பாட்டினோம் என்று அவர்கள் கையை விரித்தால், புஸ்பராணிக்கு நடந்ததுதான் நடக்கும்.

"அதால அன்ரி, நீங்கள் முதல்லயே ஒரு லெற்றர் குடுங்கோ. ஐ ஆம் ப்ரெக்னன்ற் எண்டு. எழுதிக் குடுத்தா அவை உங்களைத் தொட ஏலாது."

யோகராணிக்கு முகம் செத்துப் போனது. சொன்னால் சட்டம் காக்கும், சொல்லாவிட்டால் பிள்ளை தங்கும். இதென்ன கோதாரி நியாயம்? மதுரா கண்ணூறு எல்லாம் சும்மா என்று தொடங்கினாள். தவமணி அக்கா பார்த்த பார்வையில் அந்த வசனம் பாதியில் நின்றது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். மோர்னிங்சைட் வந்ததும் இறங்கப் போனவள் திரும்பி, ஒரு கண் ஒருத்திமேல் பட்டால் பாரம், பதினாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கொரு தூசுதானே என்றாள். யோகராணிக்கு விளங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

ஞாயிறு முழுவதும் அக்கா ரெலிபோனில் இருந்தாள். லைனில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள், ஆர் என்று கேட்கக் கூடாது, கேட்டால் அந்தப் பாவம் கேட்டவளுக்கு. நாளைக்கு ஒருத்தியும் அன்னாசி தொடக் கூடாது. அவ்வளவுதான் சேதி.

அந்தத் திங்கள் காலையைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். ஆர் என்று தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் தாங்கினார்கள். ஒரு பெட்டியைத் தூக்க ஒருத்தி குனிந்தால் மூன்று பேர் ஓடி வந்து பறித்தார்கள். கதிரையை நீ இரு நீ இரு என்று தள்ளியதில் ஒருவரும் இருக்கவில்லை. மரியரட்ணத்துக்கு நாற்பத்தாறு வயது, அவளுடைய சாப்பாட்டுப் பையில் யாரோ ஒரு பொதி மாங்காய் ஊறுகாய் வைத்துவிட்டிருந்தார்கள். யோகராணி இதையெல்லாம் பார்த்து வாய்க்குள் துடைதாளை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பத்தேகால். தட்டு வந்தது. முதலில் இருந்தவள் மரியரட்ணம், வேண்டாம் என்றாள். அடுத்தவள் வேண்டாம். அதற்கடுத்தவள் வேண்டாம். கௌசி, பத்தொன்பது வயது, கலியாணமும் ஆகவில்லை, இங்கே ஹைஸ்கூல் படித்து முடித்த பிள்ளை, "நோ தாங்ஸ் அங்கிள்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள். சச்சிதானந்தன் பொக்கற்றில் பேனையைத் தேடினார். யோகராணி முறை வந்தபோது அவள் தலையை நிமிர்த்தி, ஏழு கிழமையில் முதல் தடவையாக, வேண்டாம் அண்ணை என்றாள். சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! கடைசியில் தவமணி அக்கா. தட்டில் பதினாலு துண்டும் அப்படியே.

"அக்கா, நீங்களுமோ?" என்றார் அவர், ரகசியமாக.

"கடவுள் குடுத்தால் வேண்டாமெண்டு சொல்லலாமோ தம்பி?"

சச்சிதானந்தன் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் இருபது வருசம் கிளாக்கராக இருந்தவர். எழுதி வைக்காத வேலை செய்யாத வேலை என்பது அவருடைய வேதம். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, திகதி போட்டு, பக்கத்தில் தன் முதலெழுத்தும் போடாவிட்டால் அவருக்கு அன்றிரவு நித்திரை வராது. அந்தப் பழக்கம்தான் மனுசனைக் கவிழ்த்தது. அன்று மத்தியானமே பதினாலு பெயரையும் தன் பட்டியலில் ஏற்றி, வால்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

வால்டர் பட்டியலைப் பார்த்தான். பதினாலு. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் உறை விமான நிலையத்துக்குப் போக வேண்டும். முகம் சிவந்து லைனுக்கு வந்தான். பெயர்களை வாசிக்கத் தொடங்கினான். முதல் பெயரிலேயே நாக்குச் சுளுக்கிக்கொண்டது. வழக்கமாக அவனுக்கு மொழிபெயர்க்கிறவள் கௌசி. பேப்பரைத் தாங்கோ, நான் சரியாக வாசிக்கிறேன் என்று இங்கிலிஷில் கேட்டாள். கொடுத்தான். அவள் வாசித்தாள். வாசிக்க வாசிக்கப் பிள்ளையின் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி இருந்தால் விளங்கப்படுத்த லேசு என்று மரியாதையாகச் சொன்னாள். வால்டர் தலையாட்டினான். கௌசி ஒஃபிசுக்குள் போய், கொம்பனியின் மெசினில், கொம்பனியின் பேப்பரில், பதினாலு பிரதி எடுத்துக்கொண்டு வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். ஒஃபிஸ் கதவை அவளுக்குத் திறந்துவிட்டதும் வால்டர்தான், பாவம்.

பட்டியலில் அன்றைய பதினாலு பெயர்கள் மட்டுமா இருந்தன? மேலே பழசெல்லாம் இருந்தது, முத்து முத்தான கையெழுத்தில். புஸ்பராணி: பெப்ரவரி பதினாலு, அன்னாசி மறுப்பு. கர்ப்பம், உறுதி. பெப்ரவரி இருபத்தெட்டு, வேலை குறைவு என்று நிறுத்தம். ச. அவளுக்குக் கீழே மற்ற இரண்டு பெண்கள். இருபது வருசக் கச்சேரி அனுபவம் வீண் போகவில்லை.

அன்று பின்னேரமே பெண்கள் கூட்டமாக நிலையத்துக்குப் போனார்கள். மாடிப்படி கொள்ளவில்லை, சேலைக் கடைக்காரன் வியாபாரம் வருகிறது என்று வெளியே ஓடி வந்தான். மதுரா பட்டியலை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு யோகராணியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கொம்பனிக்குத் தெரியும் எண்டு கொம்பனியே எழுதி வச்சிருக்கு. இனி ஒருத்தரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை."

யோகராணி படியில் இருந்துவிட்டாள். அன்றிரவு குலசிங்கத்துக்குக் கதை சொல்லி முடிக்க மூன்று மணித்தியாலம் எடுத்தது. சிரித்துச் சிரித்து இடையில் நிறுத்த வேண்டியிருந்ததால்தான்.

மதுராவின் கடிதம் போனது. வால்டர் தன் லோயரிடம் ஓடினான். லோயர் பட்டியலைப் பார்த்து, வழக்கு என்று போனால் முதல் நாளே கதை கந்தல், பேசாமல் சமாதானமாகப் போ என்றாராம். ஜூலை நடுவில் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டறையில் மதுராவோடு எல்லோரும் கூடினார்கள். வால்டர் எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தான். நிற்பாட்டிய மூன்று பேருக்கும் வேலை திரும்பவும் உண்டு, போன மாதங்களின் சம்பளத்தோடு. பிள்ளை பெறப் போகிறவளுக்குச் சட்டப்படி லீவு, திரும்பி வந்தால் அதே இடம். இனிப் பெண்களின் வயிற்றைப் பற்றி ஒருவரும் துப்புத் துலக்கக் கூடாது. கடைசி வரியில் வேலைத்தலத்தில் பழம் பரிமாறுவது தடை என்று இருந்தது. அந்த வரிக்குப் பெண்கள் கைதட்டினார்கள். சச்சிதானந்தன் மூலையில் நின்று, தனக்கும் மூன்று பிள்ளைகள், வால்டர் தன்னை அனுப்பிவிடுவான் என்று பயந்துதான் செய்தது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். உங்கட பயத்துக்கு எங்கட வயிறோ விலை என்று தவமணி அக்கா கேட்டாள்.

வாசலில் புஸ்பராணி வந்து நின்றாள். ஏழு மாத வயிறு, மஞ்சள் சட்டை, கையைக் காட்டிச் சிரித்தாள். ஐந்து மாதம் வீட்டுக்குள் கிடந்து, தன்னுடைய வேலையில் ஏதோ பிழை என்று நினைத்து நினைத்து அழுதவள்.

வால்டருக்கு இன்னும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. உண்மையாகவே பதினாலு பேருமா என்று கேட்டான். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று மதுரா வெட்டென்று சொன்னாள். ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லை என்று தமிழிலும் சொன்னாள்.

தேவையில்லைதான். ஆனால் யோகராணிக்கு நெஞ்சுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. புஸ்பராணி ஒளிக்காமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இந்தப் பதின்மூன்று பேரும் ஆருக்கென்று தெரியாமலே தங்கள் வேலையைத் தூக்கித் தட்டில் வைத்தார்கள். இவர்களிடம் ஒளித்து என்ன காணப் போகிறாள்? கதிரையைப் பின்னே தள்ளிவிட்டு எழும்பினாள்.

தவமணி அக்கா அதைப் பார்த்தாள். சட்டென்று ஒரு கையை உயர்த்தி, "எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்றாள். மரியரட்ணம் மூடினாள், கௌசி மூடினாள், புஸ்பராணி வாசலில் நின்றபடியே மூடினாள். கண்ணூறு சும்மா என்று சொன்ன மதுராவும் மூடினாள். சச்சிதானந்தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். வால்டர் சுற்றிவரப் பார்த்தான், ஏதோ பிரார்த்தனையாக்கும் என்று நினைத்துத் தானும் தலையைக் குனிந்து கண்ணை மூடினான்.

ஒரு கண்ணும் இல்லாத அந்த அறையில் யோகராணி தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"எனக்குத்தான். நாலு மாதம்."

ஒருவரும் கண் திறக்கவில்லை. மூடிய கண்களோடு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சிலருக்குக் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வால்டர் மட்டும் "ஆமென்" என்றான்.